விரல் படாத கீபோர்டு

அன்று காலை என் வீட்டுக்காரர் பல்லைக்கூடத் துலக்காமல் அலமாரியைத் திறந்து, என் துணிகளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக் கட்டிலின் நடுவில் வைத்தார். உள்ளே இருப்பது ஒரு கீபோர்டு. கம்பெனி தயாரிப்பையே நிறுத்திவிட்டது என்று தெரிந்ததும் ஊரெல்லாம் அலைந்து வாங்கி வந்தது. வந்த நாளிலிருந்து சீல் பிரிக்கவில்லை. அவர் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர். "பம்புக்கும் மோட்டாருக்கும் பழசு போதும். சொந்தமா ஒண்ணு எழுதுறப்ப இதைப் பிரிக்கிறேன்" என்பார். சொந்தமாக எழுதும் நாள் வந்தபாடில்லை. பழசோ ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து போட ஆரம்பித்திருந்தது. நான் அந்தப் பெட்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தேன்.

இவரைப் போன்ற கிறுக்குகளுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அந்தக் கீபோர்டு மறுபடி வரும், வந்தே தீரும் என்று காத்திருப்பவர்கள். பட்டாணி உரிப்பது போன்ற அதன் சத்தத்தைப் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பி, கேட்டுக்கொண்டே தூங்குவார்கள். குழுவை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். அவர்தான் முந்தைய நாள் போன் செய்திருந்தார். ஒரு சின்னத் தொழிற்சாலை திரும்பச் செய்து பார்க்க ஒப்புக்கொண்டதாம்.

"அச்சு எடுக்கணும்னா ஒண்ணை அறுத்துத்தான் அளக்கணுமாம் சார். எங்களுதெல்லாம் தேஞ்சு போச்சு. விரலே படாதது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

இவர் சரி என்று சொல்லிவிட்டார்.

"இதை அறுத்த பிறகு புதுசு வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம்."

"வராமப் போனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனையோ வருடம் கரித்துக்கொட்டிய நானே 'கொடுக்காதீங்க' என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அனுப்பும் முன் எல்லா விசையும் சரியாக இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சீலைப் பிரித்தார். புதுசின் வாசனை அறைக்குள் பரவியது. எந்த விசையையும் அழுத்திவிடாமல், பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு ஓரத்தையும் பிடித்து மேசையில் வைத்தார். படம் எடுத்து முடித்தார். கூரியர்காரர் வர இன்னும் நேரம் இருந்தது.

நான் டீ கொண்டுவந்தபோது அவர் மேசை முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து விரலும் விசைகளுக்கு மேலே, ஒரு நூல் இடைவெளி விட்டு, ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் அழுந்தவில்லை. சத்தமும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் விரல்களின் நிழல் மட்டும் எழுத்துக்களைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. கொஞ்சம் நிறுத்தி யோசித்தார். லேசாகச் சிரித்துக்கொண்டார். மறுபடி ஓட்டம்.

"என்ன பண்றீங்க?"

"பேசாத. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

டீயை அங்கேயே வைத்தால் சத்தம் வரும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் திரும்பவில்லை. அடிமேல் அடி வைத்துப் போய்க் கதவை ஒருக்களித்துத் திறந்து, கூரியர்காரரிடம் உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினேன்.