பதினோரு நிமிடம்

அவள் ஓட ஆரம்பித்து அன்றோடு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள். இந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விடிய இன்னும் நேரமிருந்தது. மைதானத்தின் வாசலில், விளக்குக் கம்பத்தடியில் நிற்கவைத்து, கணவன் அவள் பனியனில் எண் அச்சடித்த தாளைக் குத்திக்கொண்டிருந்தான். இரண்டு ஊக்குகள் வாயில், இரண்டு கையில். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனின் விரல்கள். நான்கு மூலையும் மட்டம் பிடித்ததுபோல் நின்றன. மகள் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அரைத்தூக்கத்தில் நின்றாள். பிறந்த நாளிலிருந்து காதருகே விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்ததால் கொசு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நான்கு வயது ஆக இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர் தன் மகனுக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார். முதல் தடவையா என்று அவர் கேட்டதுதான் தாமதம், கணவன் வாயிலிருந்த ஊக்குகளை எடுத்துவிட்டுக் கதையை ஆரம்பித்தான்.

"யாரும் சொல்லிக் கொடுக்கல சார். பாப்பாவுக்கு அப்ப ஏழு மாசம். ஒருநாள் காலையில எழுந்து பாக்கறேன், ஆளக் காணோம். ஒன்றரை மணி நேரம் கழிச்சு வீட்டுச் செருப்போட ஓடி வர்றா. சட்டையெல்லாம் தொப்பலா வேர்வை. மறுநாளே போய் ஷூ வாங்கிட்டேன்."

இந்தக் கதையை அவன் அவளுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஷூ விற்றவரிடம் சொல்லியிருக்கிறான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவு திறக்கும்வரை பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளியே நின்றபடி சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல வேர்வை கூடிக்கொண்டே போனது. அது வேர்வை இல்லை என்று அவள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அன்று அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கு முந்தைய ஏழு மாதத்தில் அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பேசாமல் இருந்துவிட்டாள். மறுநாள் ஷூ வந்தது. ஷூ வந்த பிறகு ஓடாமல் இருக்க முடியவில்லை.

"எங்கம்மா போற?" என்றாள் கொசு. தினமும் கேட்பதுதான்.

"ஓடப் போறேன்."

"எதுக்கு?"

"திரும்பி வர்றதுக்கு."

அதுவும் தினமும் சொல்வதுதான். ஆனால் இன்று கொசுவுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. பாதி தூரம் போய்த் திரும்புகிற எல்லோருக்கும், திரும்பியதற்கு அடையாளமாக ஒரு பச்சை ரப்பர் வளையம் மாட்டுவார்கள் என்று அப்பா சொல்லியிருந்தான். அது தனக்கு வேண்டும் என்றாள். கொண்டு வருகிறேன் என்று அவள் சொன்னதும், "மறக்காம?" என்று முழங்காலை இறுக்கினாள்.

"மறக்காம."

மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தபோது பாதை ஏரிக்கரையைச் சுற்றி இருந்தது. அங்கே சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். பத்து நாளுக்கு முன்னால் புது வரைபடம் வந்தது. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அதைப் போனில் பார்த்தாள். ரத்தத்தின் வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணுவது அவள் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நூறு ஆனதும் கையடியிலுள்ள பெட்டி மணியடிக்கும். அன்று அறுபது சொச்சத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து மறுபடி விட்டாள். திரும்பும் இடம் என்று சிவப்பாகப் புள்ளி வைத்திருந்தது ஊருக்கு வெளியே உள்ள பேருந்து நிலையத்தின் வாசலில். அவள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். மூன்று வருடத்தில் எந்தக் காலையிலும் அவள் அந்தப் பக்கம் ஓடியதில்லை.

"என்னடி, மணியே அடிக்க மாட்டேங்குது?" என்றாள் பக்கத்து மேசை அக்கா. அவள் ஓடுவதைப் பற்றி அக்காவுக்கு ஒரே கேள்விதான். யார் துரத்துகிறார்கள் என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

முதல் பத்து கிலோமீட்டர் கூட்டத்தோடு கரைந்தது. பிறகு வெயில் வந்தது. காலடிகளை நூறு நூறாக எண்ணினாள். ஒவ்வொரு நூறுக்கும் தலைக்குள் மணி அடித்தது. மூடிக் கிடந்த கடைகள், ஒரு பெட்ரோல் பங்க், சுவரோரம் காயப்போட்ட தார்ப்பாய். பதினெட்டாவது கிலோமீட்டரில் அந்தச் சாலையின் மரங்கள் தெரிய ஆரம்பித்தன.

இருபத்தோராவதில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு. அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். கூம்புக்கு அந்தப் பக்கம் சாலை நேராக, ஆளே இல்லாமல், போய்க்கொண்டே இருந்தது. இடது கைப்பக்கம் பேருந்து நிலையம். மூன்றாவது தடத்தில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது.

அன்றும் மூன்றாவது தடம்தான். குப்பையைக் கொட்டத்தான் கீழே இறங்கினாள். இரவு வேலை முடிந்து வந்த கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தை அவன் பக்கத்தில், பால் குடித்துவிட்டு, வாய் திறந்தபடி. குப்பையைக் கொட்டிவிட்டு மாடிக்குத் திரும்பாமல் கால்கள் தெருவில் நடந்தன. முக்கால் மணி நேரம் நடந்தாள். எந்த ஊர்ப் பேருந்து என்று பலகையைப் பார்க்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யார் மேலும் கோபம் இல்லை. எங்கேயும் போக வேண்டும் என்றும் இல்லை. கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அப்படி அவை சும்மா கிடந்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு. முன் இருக்கையின் கம்பியில் வெயில் பட்டது. பதினோரு நிமிடம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பிறகு மார்பு கனத்து, சட்டை நனைந்தது. இறங்கி, ஓட ஆரம்பித்தாள்.

பால்தான் இறக்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதற்கு அடுத்த வாக்கியத்துக்கு அவள் போனதில்லை.

"கையைக் காட்டுங்கக்கா" என்றது ஒரு குரல். தொப்பி போட்ட கல்லூரிப் பெண். மணிக்கட்டில் பச்சை வளையம் ஏறியது. "ஏங்க்கா நின்னுட்டீங்க? பாதி முடிஞ்சுது. இனிமே வீட்டுக்குப் போறதுதானே."

ஓட்டத்தில் அப்படி நின்றிருந்தது அவளுக்கே தெரியவில்லை. நேராகப் போகும் சாலையை ஒருமுறை பார்த்தாள். அந்த ஜன்னலோரம் இன்னமும் வேண்டும் போலிருந்தது. கொசுவின் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்தால் வரும் வாசனையும் அதே கணத்தில் வேண்டும் போலிருந்தது. கூம்பைச் சுற்றித் திரும்பினாள்.

முப்பத்து மூன்றில் கால்கள் மரமாயின. தண்ணீர் கொடுத்தவரிடம் நன்றி சொல்ல நாக்கு எழவில்லை. எண்ணிக்கை அறுபதில் விட்டுப்போனது. எண்ணாமல் ஓடியபோது மனதில் கணவனின் கதைதான் ஓடியது. அந்தக் கதையில் வருகிற பெண், ஒரு காலையில் தானாக எழுந்து ஓடக் கிளம்பியவள். அவள் மேல் இவளுக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று வருடமாக அவன் பெருமைப்பட்டதெல்லாம் அவளைப் பார்த்துத்தான். அவளுக்குத்தான் ஷூ வாங்கினான். அவளுக்குத்தான் இன்று ஊக்குக் குத்தினான். பேருந்தில் உட்கார்ந்திருந்தவளை அவன் பார்த்ததே இல்லை. அவளை ஒருமுறை பார்த்துவிட மாட்டானா என்று ஏக்கமாக இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நாளையிலிருந்து கொசுவை இவளிடம் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்குப் பயந்துதான் இத்தனை நாள்.

மீதி ஒன்பது கிலோமீட்டரில் பாதிக்குமேல் நடந்தாள். ஆறு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஐந்து மணி நாற்பத்தொரு நிமிடத்தில் கோட்டைத் தாண்டினாள். யாரோ கழுத்தில் மெடல் மாட்டினார்கள். கொசு மெடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வளையம்?" என்றாள். அவள் கழற்றிக் கொடுத்ததும், அது பெரிதாக இருந்ததால் இரண்டு சுற்றாகச் சுற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். "அம்மா திரும்பிட்டா" என்று போகிற வருகிறவர்களிடம் கையைத் தூக்கிக் காட்டினாள்.

மைதானத்துச் சுவரோர நிழலில் அவளை உட்காரவைத்து, கணவன் எதிரே குந்தினான். அவள் பாதத்தைத் தன் தொடைமேல் எடுத்து வைத்து ஷூ லேஸைப் பார்த்தான். தண்ணீரும் மண்ணும் பட்டு முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நோண்டினான். வரவில்லை. பாக்கெட்டிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு அது இல்லாமல் முடியாது. காலையில் பார்த்த பெரியவர் மகனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். முடித்துவிட்டாளா என்று விசாரித்தார்.

"முடிக்காம? நான்தான் சொன்னேனே சார், வீட்டுச் செருப்போட ஆரம்பிச்சவ" என்றான் கணவன்.

பெரியவர் சிரித்துக்கொண்டே போனார். கொசு அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு, வளையத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். டக், டக் என்று சத்தம் வந்தது. அம்மா அதை மனதுக்குள் எண்ணினாள். பதினொன்று வந்ததும் நிறுத்தினாள்.

"என்னங்க."

"ம்? வலிக்குதா?"

"அன்னிக்கு நான் ஓடப் போகல."

"என்னிக்கு?"

"செருப்போட வந்தேனே, அன்னிக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இன்னிக்குத் திரும்பினேன்ல, அதே எடம். பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். சட்டையில இருந்தது வேர்வ இல்ல, பால்."

ஸ்க்ரூ டிரைவரின் முனை முடிச்சுக்குள் நுழைந்திருந்தது. அவன் கை அப்படியே நின்றது. முகத்தை அவன் இன்னும் நிமிர்த்தவில்லை. தொடைமேல் இருந்த அவள் பாதத்தைக் கீழே இறக்கிவைக்கவும் இல்லை. லேஸின் ஒரு முனை அவன் விரலில் சுற்றியிருந்தது.

"பதினோரு நிமிஷம் பஸ்ஸ எடுக்கல" என்றாள் அவள். "எடுத்திருந்தா போயிருப்பேன்."