பீரோவைத் தாங்கியவர் செய்த வேலை எவ்வளவு?

பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவதற்கு இயற்பியல் எதற்கு என்று கேட்டால் கிடங்கு மேலாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதற்கான பரீட்சைக்குக் கேள்வித்தாளைத் தயாரிப்பவரே அவர்தான். இயக்கம், விசை, ஆற்றல், வெப்பம் என்று நாலு பாடம். தேறினால் வண்டி, தேறாவிட்டால் பழையபடி பெட்டி தூக்கப் போகலாம்.

பெட்டி தூக்குகிறவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் எழுந்து நிமிர்வதற்குள் டீ ஆறிவிடும். இதற்கு முன் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டு தடவையும் காலை வாரியது ஒரே கேள்விதான். 'கனமான பெட்டியைச் சுமந்தபடி ஒருவர் அசையாமல் ஒரு மணி நேரம் நிற்கிறார். பெட்டியின் மீது அவர் செய்த வேலை எவ்வளவு?' பூஜ்யம் என்று எழுத வேண்டும். பெட்டி நகரவில்லை, ஆகவே வேலையும் இல்லை. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை; எழுதத்தான் மனசு வரவில்லை. கிடங்குக் கதவின் சாவியைக் காணோமென்று மேலாளரின் ஆட்கள் தேடிக்கொண்டிருக்க, பெட்டியோடு எத்தனை நாள் நின்றிருக்கிறாள்! முதல் தடவை 'ரொம்ப வேலை' என்று எழுதினாள். இரண்டாம் தடவை 'வந்து தூக்கிப் பாருங்கள், தெரியும்' என்று எழுதிவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் புருஷன் ஏற்றுக்கொண்டார். தையல்காரர். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் முதல் ஆளாம்; அவர் சொன்னதுதான், சாட்சிக்கு ஆளில்லை. இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக் காட்டி வெப்பக் கடத்தல் என்பார். ஊசி கீழே விழுந்தால் புவியீர்ப்பு என்பார். எடுத்துக் கொடுக்க மட்டும் மாட்டார்.

பரீட்சை நாள் காலையிலும் விடவில்லை.

"இந்த டீ ஏன் ஆறுது? சொல்லு பாப்போம்."

"நீங்க குடிக்காம பேசிட்டே இருக்கீங்களே, அதான்."

"விளையாடாத. வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் என்ன வித்தியாசம்?"

"என் தம்பி பைக்ல போறான் பாருங்க, அது வேகம். எங்க போறான்னு அவனுக்கே தெரிஞ்சா, அது திசைவேகம்."

தையல்காரர் யோசித்துப் பார்த்து முழு மதிப்பெண் போட்டார்.

அந்தத் தம்பியே அப்போது வாசலில் வந்து நின்றான். பெயின்டர், எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு வேலை செய்வதால் பல்லி என்று பெயர். அவன் வந்தது பீரோவுக்காக. தையல்காரர் பழைய இரும்பு பீரோ ஒன்றை வாங்கியிருந்தார். அதை அன்றைக்கே மாடிக்கு ஏற்றியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"இன்னைக்கு வேண்டாங்க" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்கிறார்கள்?

பல்லி மேலேயிருந்து இழுக்க, தையல்காரர் கீழேயிருந்து தள்ள, பீரோ படிக்கட்டுத் திருப்பம் வரை ஒழுங்காகத்தான் ஏறியது. அங்கே மாட்டிக்கொண்டது. மேலே அறையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"மாமா, தள்ளுங்க!" என்றான் பல்லி.

"தள்ளிட்டுதான்டா இருக்கேன்! நீ என்ன பண்ற?"

"நானும் தள்ளிட்டுதான் இருக்கேன்!"

"ரெண்டு பேரும் எதிரெதிரா தள்ளுனா அது எப்படி நகரும்?" என்றாள் அவள். "சமமான விசை, எதிர்த்திசை. மொத்தம் பூஜ்யம்."

"சரியான விடை!" என்று பீரோவுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

விடை சரி, வழி? இறங்க இருப்பது அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். அதை பீரோ அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. கீழ் முனையில் முதுகைக் கொடுத்துத் தையல்காரர் நின்றிருந்தார். பரீட்சைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பீரோ மேல ஏறிச் சறுக்கி வா!" என்று கத்தினார். "நான் புடிச்சுக்கறேன்."

"நசுங்கிருவீங்க!"

"மூணாவது தடவை இது. வா சொல்றேன்!"

பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு பீரோமேல் உட்கார்ந்து சறுக்கினாள். "நிலை ஆற்றல் இயக்க ஆற்றலா மாறுது, கவனி!" என்றார் அவர், மூச்சு முட்ட. அவர் தோளில் இடித்து, கைப்பிடியைப் பிடித்து, ஒருவழியாகத் தரையில் நின்றாள்.

"நீங்களும் விட்டுட்டு வந்துருங்க."

"விட்டா கீழ உருண்டுரும். பல்லி ஆளுக்குச் சொல்லிருக்கான், இதோ வந்துருவாங்க. நீ போ."

போனாள். வழியெல்லாம் அந்த வளைந்த முதுகுதான் கண்ணில் நின்றது.

கேள்வித்தாளில் அதே கேள்வி. மேலாளர் ஒரு வார்த்தையைக்கூட மாற்றியிருக்கவில்லை, பெட்டி தூக்குகிறவளுக்கு என்று வைத்த கண்ணி போல. அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது வீட்டில் ஒரு மனுஷன் நிற்கிறாரே, அதற்கும் பூஜ்யமா? ஆனால் 'ரொம்ப வேலை' என்று எழுதிவிட்டுப் போனால் அவர் நின்றதே வீணாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: பூஜ்யம்.

மேலாளர் அங்கேயே திருத்தினார். "இப்பவாவது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

பல்லி சொன்ன ஆட்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். பல்லி மேல்படியில் உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தையல்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார், முகம் வெளிறி, பீரோவுக்கு முதுகைக் கொடுத்தபடி.

அவள் குனிந்து பார்த்தாள். பீரோவின் ஒரு மூலை கைப்பிடிக் கம்பிக்குள் சொருகியிருந்தது. மறுமூலை சுவரைக் கவ்வியிருந்தது. அவர் கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பீரோ இம்மியும் அசையவில்லை.

விழித்துக்கொண்ட பல்லி எட்டிப் பார்த்தான். "அப்ப மாமா இவ்வளவு நேரம் எதைத் தாங்கிட்டு இருந்தாரு?"

அவள் முறைத்த முறைப்பில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

தையல்காரர் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பாஸா?"

"பாஸ். திங்கக்கிழமை வண்டில ஏறச் சொல்லிட்டாங்க."

"அந்தக் கேள்வி?"

"வந்துச்சு. பூஜ்யம்னு எழுதிட்டேன்."

"சரியான விடை" என்றார் வாத்தியார் பெருமையோடு. பிறகு பீரோவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப நான் இன்னைக்கு எவ்வளவு வேலை பாத்தேன்?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

"நெறையங்க" என்றாள். "ரொம்ப நெறைய."

முதுகு இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது. வேலையே செய்யாத முதுகுக்கு அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது என்று மேலாளர்தான் வந்து சொல்ல வேண்டும்.