நெட்டை இல்லாமல் ஒரு பாட்டு

மூடியைத் திறந்த தங்கை கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். வந்தவர்களுக்குத் தேநீர் போடப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேலேயே ஒன்று மூடி வைத்திருப்பதைப் பார்த்து, பாதி வேலை முடிந்தது என்ற சந்தோஷத்தில் திறந்திருந்தாள்.

“அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க.”

பெரியவர் வந்தார். தம்பி செத்துப்போன வீட்டின் சமையலறைக்குள் நுழையும்போதும் கழுத்துப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டுதான் நுழைந்தார். பாத்திரத்துக்குள் கலங்கிய தண்ணீர். அதற்குள் சுருண்டு சுருண்டு கருப்பாக ஏதோ கிடந்தது.

“என்ன அண்ணா இது? நூடுல்ஸா?”

“நூடுல்ஸ் நுனியில பித்தளைக் குண்டு இருக்குமாம்மா?”

வாசற்படியில் நின்ற ஆள் தொண்டையைச் செருமினான். கூட்டாளிகள் அவனை இடி என்றும், உயரமான தம்பியை நெட்டை என்றும் கூப்பிடுவார்கள். தம்பியோடு ஒரே குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தான்.

“அது கிட்டார் கம்பிங்கம்மா. நெட்டை அண்ணன் அடிக்கடி வேக வைப்பாரு. விரல் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் கம்பியோட சுத்துக்குள்ள போய் அடைச்சிக்கும். சத்தம் மந்தமாயிடும். கொதிக்க வெச்சு, துடைச்சு, காயவெச்சு மாட்டினா மறுபடியும் கணீர்னு பேசும்.”

அதுதான் தம்பியின் கடைசி வேலை. நேற்று மதியம் கம்பிகளை வேக வைத்து, அடுப்பை அணைத்து, மூடி போட்டு, ஆறட்டும் என்று ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் துடைக்கிற துணி. பக்கத்து வீட்டுக்காரர் எதற்கோ வந்து கூப்பிட்டுப் பார்த்தபோது ஆறிவிட்டிருந்தது தண்ணீர் மட்டும் இல்லை. சிரமமே பட்டிருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார்.

“மூடி வை. கம்பியை அவிச்சிட்டுச் செத்தான்னு ஊரெல்லாம் பேச வேண்டாம்,” என்றார் பெரியவர்.

“வேற எதை அவிச்சிருந்தா நம்ம குடும்பத்துக்குக் கௌரவமா இருந்திருக்கும்? சொல்லுங்க, குறிச்சு வெச்சிக்கிறேன். எனக்கும் வயசாகுது.”

பெரியவர் தானே பாத்திரத்தை மூடினார். தங்கையின் வாய்க்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எத்தனையோ கடைத் தராசுகளின் முள்ளை நேராக்கியவர். அதே நேர்மையோடுதான் முதுகையும் இன்றுவரை நிமிர்த்தி வைத்திருந்தார். அப்பா போன பிறகு குடும்பத்தின் பெயர் அவர் பொறுப்பு. யார் கேட்டாலும் “தம்பி ஒலித்துறையில் இருக்கான்” என்பார். கல்யாண வரவேற்புகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான் என்று சொன்னதில்லை. அதற்குக் காரணம் கல்யாண வரவேற்பும் இல்லை, கிட்டாரும் இல்லை.

ஒரே ஒரு முறை, அலுவலக நண்பர் வீட்டு வரவேற்பில் அவர் தம்பி வாசிப்பதைப் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் சரி. பாடகியின் குரல் கேட்டது. கீபோர்டு கேட்டது. டிரம்ஸ் வேண்டாம் என்றாலும் கேட்டது. தம்பி பின்வரிசையில் நெட்டையாக நின்றுகொண்டு இரண்டு விரலை மாற்றி மாற்றி நடத்திக்கொண்டிருந்தான். பாட்டு முழுக்கப் பெரியவர் அந்த விரல்களையே பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல்களிலிருந்து வருவதாக ஒரு சத்தமும் அவருக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து நாற்காலியில் தங்கையின் கணவர் இருந்தார். தலை வழுக்கையாகி, பேரப்பிள்ளைகள் எடுத்த பின்னும் அந்த வீட்டுக்கு அவர் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை குனிந்து கேட்டார்:

“மச்சான், தம்பி ஒயரைச் சொருக மறந்துட்டாரோ?”

அன்றிலிருந்து குடும்ப விசேஷம் எதுவானாலும் அந்தக் கேள்வி ஒரு தடவை எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காரும். தம்பியும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பான். பெரியவர் மட்டும் சிரித்ததில்லை. அவருக்குள்ளும் அதே சந்தேகம். உயரமான ஆள், பார்க்க லட்சணமாக இருக்கிறான் என்று மேடையை நிரப்ப நிறுத்தி வைத்திருக்கிறார்களோ? தம்பியிடம் கேட்கக் கூச்சம். கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்?

“ஐயா, இன்னொரு விஷயம்,” என்றான் வாசற்படியிலிருந்து இடி. “அஞ்சலி மண்டபத்துல நாங்க ஒரு பாட்டு வாசிக்கணும்.”

“வாசிங்க. அடக்கமா இருக்கணும்.”

“அண்ணன் ஒண்ணு சொல்லியிருக்காரு. ‘நான் போனா என் இடத்துல வேற ஆளைப் போடாதீங்க. எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி ஒரே ஒரு பாட்டு, நான் இல்லாம வாசிச்சுக் காட்டுங்க’ன்னு. சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.”

பெரியவரின் கை கழுத்துப் பித்தானுக்குப் போனது. அவன் இல்லாமல் வாசிப்பது. வாசித்து, ஒரு வித்தியாசமும் இல்லை என்றால்? எப்போதும் கேட்ட அதே பாட்டாகவே இருந்துவிட்டால்? தட்டில் இருந்த எடைக்கல்லை எடுத்த பிறகும் முள் அசையாமல் நின்றால் அந்தக் கல் பொய்க் கல். இதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் கடைக்காரர்களுக்குச் சொல்லி வந்தார். இப்போது மொத்த உறவுக்கும் முன்னால், முதல் வரிசையில் மாப்பிள்ளையை உட்கார்த்தி வைத்துக்கொண்டு, தம்பியின் ஆயுளையே எடை போடப் போகிறார்கள்.

“வேற ஒருத்தரை நிறுத்துங்களேன். இவன் கிட்டார்தான் சும்மா இருக்கே.”

“அதோட கம்பிதான் பாத்திரத்துல இருக்கே ஐயா.”

“சரி, யாருக்காவது வேற கிட்டார் இருக்கும்.”

“இருக்கு, ஆளும் இருக்கான். ஆனா அண்ணன் வேண்டாம்னுட்டாரே. கடைசியா கேட்டதை எப்படி மீறறது?”

மீற முடியாது. செத்தவன் கேட்டதைத் தட்டிவிட்ட குடும்பம் என்ற பெயர் இதைவிட மோசம். பெரியவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

*

மண்டபம் சின்னதுதான். வரிசையாக நாற்காலிகள், முன்னால் பூ வைத்த சவப்பெட்டி, பக்கத்தில் ஓர் அடி உயர மேடை. பெட்டி கொஞ்சம் நீளமாகச் செய்ய வேண்டியிருந்தது என்று தச்சர் சொன்னதைத் தங்கை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடையில் இடி ஒரு பலகையை வைத்துக்கொண்டிருந்தான். அதில் தீப்பெட்டியை நாலைந்து மடங்கு பெருக்கியது போலச் சின்னச் சின்ன உலோகப் பெட்டிகள், ஒன்றோடொன்று ஒயரால் கோத்து. பின்னால் ஒரு ஆளின் இடுப்புயரத்துக்குத் தம்பியின் ஒலிபெருக்கிப் பெட்டி.

“அவனே இல்லாதப்போ இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார் பெரியவர்.

“இது இல்லாம மேடையில எனக்குக் கை ஓடாது ஐயா. எல்லாம் அண்ணன் கால்ல மிதிக்கிற பெடல்.”

பெரியவர் குனிந்து பார்த்தார். ஒரு தூசி இல்லை. ஒவ்வொரு திருகுக்குமிழ் பக்கத்திலும் வெள்ளைச் சாயத்தில் ஊசிமுனைப் புள்ளி. குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளம்.

“குமிழ் கரகரன்னா அன்னிக்கே பிரிச்சு, மருந்தடிச்சு, துடைச்சிடுவாரு,” என்றான் இடி. “வாசிச்சு முடிச்சதும் முதல்ல ஒயரைப் பிடுங்கணும். சொருகியே விட்டா உள்ள இருக்கிற பேட்டரி சும்மாவே தீர்ந்துடும். அதை மறந்து ஒருநாள்கூட வீட்டுக்குப் போனதில்லை.”

“இது என்ன பண்ணும்?” பெரியவரின் விரல் ஒரு நீலப் பெட்டியைக் காட்டியது.

“கம்ப்ரசர். சத்தம் எகிறினா அமுக்கும். குறைஞ்சா தூக்கி விடும். எல்லாம் ஒரே மட்டமா வரும்.”

“அப்ப தராசு.”

இடி யோசித்தான். “ஆமாங்க. தராசுதான்.”

தராசு சரி. தட்டில் ஏதாவது இருந்ததா என்பதுதானே கேள்வி. பெரியவர் நிமிர்ந்தார். ஒரு வழி தோன்றியது. நேராக முதல் வரிசைக்குப் போனார்.

“மாப்பிள்ளை, ஒரு உதவி. தம்பியோட மூக்குக்கண்ணாடி வீட்டிலயே இருந்துடுச்சு. அது இல்லாம அவனை அனுப்ப மனசு வரலை. நீங்க போய்…”

“இதோ,” என்று மாப்பிள்ளை உடனே எழுந்தார். கேலி செய்வாரே தவிர, வேலை சொன்னால் தட்டாத மனுஷன்.

அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் பெரியவர் மேடைக்குத் திரும்பினார். “ஆரம்பிங்க. சீக்கிரம்.”

“பாட்டுக்காரம்மா தண்ணி குடிக்கப் போயிருக்காங்க ஐயா.”

பாட்டுக்காரம்மா தண்ணீர் குடித்தார். பிறகு கீபோர்டுக்காரருக்கு ஒயர் எட்டவில்லை. எட்டியபோது மைக் கீச்சிட்டது. எல்லாம் சரியாகி இடி குச்சியைத் தூக்கினான். மாப்பிள்ளை மூச்சிரைக்க உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

“கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருக்காம் மச்சான். பாதி வழியில இவ போன் பண்ணிச் சொன்னா.”

தங்கை தலையாட்டினாள். “நான்தானே வெச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

குச்சி விழுந்தது. பாட்டு தொடங்கியது.

கீபோர்டு வந்தது. டிரம்ஸ் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த, துள்ளலான பாட்டுதான். பெரியவர் கைகளை முழங்கால் மேல் வைத்து, தீர்ப்புக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். முதல் சில நொடிகள் எந்த வித்தியாசமும் இல்லை. எப்போதும் கேட்ட பாட்டு, எப்போதும் கேட்ட மாதிரியே. பக்கத்தில் மாப்பிள்ளை வாயைத் திறப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பெரியவர் கண்களை மூடிக்கொண்டார்.

கேலிக்குக் காத்திருந்து, ஒரு கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

“என்னது இது,” என்று கிசுகிசுத்தாள் தங்கை. “பாட்டுக்குக் கால் தரையில பாவலையே.”

அதுதான். பாட்டு நடந்தது, ஆனால் தண்ணீரில் மிதக்கிற சாமான் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. இடி வேகமெடுத்தான். தன்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததை உணர்ந்து திடீரென்று மெதுவானான். கீபோர்டுக்காரர் இடது கையால் கீழே எதையோ நிரப்பப் பார்த்தார். நிரப்பப்போன இடத்தில் வலது கை வந்த வேலையை மறந்தது. பாடகி மைக்கை வாய்க்கு அருகில் வைத்துக் காத்திருந்தார். இசை அவரைத் தாண்டிப் போனது. அவர் பின்னால், அந்த வெற்றிடத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஒரு சுற்று வந்தது. இந்த முறை அரை மனதாக நுழைந்தார். பல்லவி பாதியில் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள். இடி தட்டிய ஒரு தட்டு தனியாக விழுந்தது. பாட்டு நின்றுவிட்டது.

கீபோர்டுக்காரர் இரண்டு கையையும் கட்டைகளிலிருந்து எடுத்தார்.

முதலில் சிரித்தது பாடகிதான். மைக் வழியாகவே சிரித்தார்.

“மன்னிச்சிக்கோங்க. நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி நெட்டை விரலை மேலேர்ந்து கீழ ஒரு இழுப்பு இழுப்பாரு. அது கேட்டாத்தான் வாயைத் திறப்பேன். அப்படி ஒண்ணைக் கேட்டுட்டுதான் பாடறேன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது.”

இடி குச்சியைச் சவப்பெட்டியின் பக்கம் நீட்டினான். “போதுமாண்ணே? திருப்தியா?”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளைப் பார்த்துப் பின்வரிசை சிரித்தது. அப்புறம் மண்டபமே சிரித்தது. இவ்வளவு நேரமும் அழக் கூச்சப்பட்டு அடக்கி வைத்திருந்தவர்களெல்லாம் சிரிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெரியவர் எழுந்தார். சட்டைப் பையில் நாலு வரி எழுதி வைத்திருந்தார். என் தம்பி ஒலித்துறையில் என்று ஆரம்பிக்கும். அதை எடுக்கவில்லை.

“என் தம்பி பேஸ் கிட்டார் வாசிச்சான்,” என்றார். பிறகு, “அவ்வளவுதான்,” என்று உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை வழுக்கைத் தலையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

பெட்டியைத் தூக்குகிற நேரம் வந்தது. ரத்த உறவுகள்தான் முன்னால் பிடிக்க வேண்டும் என்று காலையிலேயே வரிசை போட்டுக் கொடுத்திருந்தவர் பெரியவர்தான். இப்போது அவரே இடியையும் கீபோர்டுக்காரரையும் கையசைத்துக் கூப்பிட்டு முன்பிடியில் நிறுத்தினார். பாடகியையும் கூப்பிட்டார்.

பெட்டி வெளியே போனதும் மண்டபம் காலியானது. மண்டபத்துக்காரர் சாவிக்கொத்தோடு வந்து மேடையைப் பார்த்தார். சாமான்களை எடுத்து வைக்க வேண்டியவர்கள் எல்லாம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே மேடையேறி அந்த ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. மறுபடி பார்த்தார்.

“நகருங்க,” என்றார் பெரியவர். ஒயரைப் பிடுங்கி, அளவாகச் சுற்றி, தோளில் மாட்டிக்கொண்டார். பெட்டியின் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. ஒன்றை அவர் பிடித்தார்.

“உங்க முதுகு மச்சான்…”

“என் முதுகு எனக்குத் தெரியும். பிடிங்க.”

தூக்கினார்கள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நண்டு மாதிரி இரண்டு கிழவர்கள் நகர்ந்தார்கள்.

“மெதுவா, மாப்பிள்ளை.”

“நீங்கதான் ஓடறீங்க.”

“நானா ஓடறேன்? படி வருது, பார்த்து.”

படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மாப்பிள்ளை பெட்டியின் மேல்விளிம்பில் பட்டிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துவிட்டுக் கைக்குட்டையைப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் வாங்கித் தன் பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார்.