எண்பத்து நாலு கிலோவுக்கு அடித்த காற்று

முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வைத்த மவுன்டன் பைக், மேடு பள்ளமே தெரியாது, மெத்தையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும் என்றான் கடைக்கார நாகேஷ். மெத்தையாம், மண்ணாங்கட்டி! எலெக்ட்ரானிக் சிட்டியில் அவன் கடைக்குப் பின்னால் போகும் ஏரிக்கரை மண்பாதையில் பத்து நிமிடம் ஓட்டினேன். ஒவ்வொரு கல்லும் நேராக என் இடுப்பில் வந்து இறங்கியது. ஒரு மரவேர் மேல் ஏறியபோது வண்டி என்னைத் தூக்கியே போட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் திரும்பினேன்.

மூச்சு வாங்கியது. அது ஒன்றும் புதிதல்ல, ஆறு மாதமாகவே உடம்பில் தெம்பில்லை. பொம்மசந்திரா ஃபாக்டரியில் சூப்பர்வைசர், நாள் முழுக்க நிற்கிற வேலை. ஐம்பத்தொரு வயதில் களைப்பு வராமல் வேறென்ன வரும்? "ஒரு தடவை டாக்டரைப் பாருங்களேன்" என்று என் மனைவி குளோரியா சொல்லும்போதெல்லாம் எரிந்து விழுந்தேன். போன மாதம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டே எழுந்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது எக்சர்சைஸ்தான், ஓட்ட ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்து வாங்கிய வண்டி இது. இன்று ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்து அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"நாகேஷ், இது சஸ்பென்ஷனா, கட்டை வண்டியா? இடுப்பே கழண்டுபோச்சுய்யா!"

"ஸ்வல்ப இருங்க சார், ஒரு நிமிஷம்" என்று குனிந்தான். முன் ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அது காட்டிவிடுமாம். என்னை உட்காரச் சொன்னான், இறங்கச் சொன்னான், உற்றுப் பார்த்தான். வளையம் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது.

"போன்ல எவ்ளோ வெயிட் சொன்னீங்க சார்?"

"எண்பத்து நாலு. போன வருஷம் கம்பெனி செக்கப்ல போட்டது, கார்டுலயே இருக்கு."

"அந்த வெயிட்டுக்குத்தான் ஷாக்ல காத்து அடிச்சேன். நீங்க அவ்ளோ இல்ல சார், அதான் அமுங்காம இடிக்குது."

"என் வெயிட் எனக்குத் தெரியாதா?"

அவன் சண்டைக்கு வரவில்லை. பார்சல் எடை போடும் மெஷினை இழுத்துப் போட்டான். ஏறி நின்றேன். ஷூவோடு சேர்த்து அறுபத்தேழு.

"மெஷின் கெட்டுப்போயிருக்கு" என்றேன். நாகேஷ் தானே ஏறிக் காட்டினான். எழுபத்திரண்டு. "என் வெயிட் அதேதான், மெஷின் சரியாத்தான் இருக்கு சார்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பதினேழு கிலோ குறைஞ்சா பேன்ட் இடுப்புல நிக்குமாய்யா? எப்பவும் போடற பேன்ட்தான் இது. பாரு, எவ்ளோ கரெக்ட்டா இருக்கு!"

குளோரியா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தாங்க பிடிச்சுத் தெச்சேன்."

"என்னது?"

"எல்லா பேன்ட்டையும். நீங்க டூட்டிக்குப் போனப்புறம். மூணு தடவை."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க. இடுப்புல லூசாச்சுன்னா நீங்களே பயந்துடுவீங்கன்னு நெனச்சேன். எனக்கே பயமா இருந்துச்சுங்க."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது, இன்றைக்கு மட்டுமல்ல, ஆறு மாதமாகவே. டாக்டர் ஏதாவது பெயர் சொல்லிவிடுவாரோ என்றுதான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். நான் தட்டைத் தள்ளிவிட்டு டூட்டிக்குப் போன பிறகு இவள் தனியாக உட்கார்ந்து என் பேன்ட்டைப் பிடித்துத் தைத்திருக்கிறாள்.

"நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்ட போலாம். நீயும் வா" என்றேன்.

அவ்வளவுதான், கடை என்றும் பார்க்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நாகேஷ் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஷாக் பக்கம் குனிந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "சார், சீக்கிரமே பழையபடி வெயிட் போட்டுடுவீங்க. காத்து எண்பத்து நாலுக்கே இருக்கட்டுமா?"

"வேணாம் நாகேஷ்" என்றேன். "அறுபத்தேழுக்கே வை."