இரண்டு மில்லிமீட்டர் இடம்

அந்தப் பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் ஆராய்ச்சிக்கு ஏழு மாடி, சிகிச்சைக்கு ஆறு மாடி. முகமூடிக்காரருக்குக் கிடைத்ததோ தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேலே இருப்பவர்கள் எதையாவது கண்டுபிடித்தால் பத்திரிகையில் பேர் வரும். இவருக்கு இருந்த பேரும் போய்விட்டது. பத்தொன்பது வருஷமாக எல்லாருக்கும் அவர் முகமூடிக்காரர்தான்.

தலையிலோ கழுத்திலோ கட்டி இருப்பவர்களுக்குக் கதிர் வைக்கும்போது தலை மயிரிழைகூட அசையக் கூடாது. அதற்காக ஒவ்வொருவருக்கும் அவரவர் முகத்தின் மேலேயே ஒரு முகமூடி செய்வார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டால் துவண்டுவிடும். அதை எடுத்துத் துடைத்து, படுத்திருப்பவர் முகத்தில் இழுத்துப் போர்த்தி, ஓரங்களைப் பலகையில் பூட்டிவிட்டு, மூக்கு, கன்னம், தாடை என்று விரலால் அழுத்திக்கொண்டே பத்து நிமிஷம் நிற்க வேண்டும். ஆற ஆற அது சுருங்கி இறுகும். அப்போதுதான் எல்லாருக்கும் உதறல் எடுக்கும். "கொஞ்சம் லூசா போடுங்க சார்" என்று கெஞ்சுவார்கள். ஒரு நீதிபதி கெஞ்சியிருக்கிறார், ஒரு மல்யுத்தக்காரர் அழுதே இருக்கிறார். முகமூடிக்காரர் யாருக்கும் மசிந்ததில்லை. ஈவு இரக்கமில்லாத மனுஷன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அதைக் கேட்டு அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையெல்லாம் அவருடைய தங்கை வந்து படுக்கும் வரைக்கும்தான்.

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவளைக் கண்டால் நடுங்குவார்கள், வீட்டில் அவள் இன்னமும் 'வாலு'தான். மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் கட்டி. முப்பத்து மூன்று நாள் கதிர் வைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய செய்தியைத் தாங்கிக்கொண்டவள் லிஃப்டில் ஏற மட்டும் மாட்டேன் என்றாள். கீழே இருந்த அண்ணன் அறைக்குப் படி இறங்கித்தான் வந்தாள்.

காரணம் அண்ணனுக்குத் தெரியும். காரணமே அவர்தான். அவருக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. கண்ணாமூச்சி ஆட்டம். அவர் நூறு வரைக்கும் எண்ணினார். எண்ணி முடித்ததும் தெருவில் பந்து விளையாடக் கூப்பிட்டார்கள். தேட வேண்டியவர் பந்தின் பின்னால் ஓடிவிட்டார். படுக்கை போட்டு வைக்கிற மரப்பெட்டிக்குள் அவள் ஒளிந்து மூடியைச் சாத்தியதும் வெளியே கொண்டி விழுந்து பூட்டிக்கொண்டது. சாயங்காலம் அம்மாதான் திறந்தாள். அன்றிலிருந்து தங்கை குளியலறைக் கதவைக்கூடத் தாழிட்டதில்லை.

எதற்கும் பார்க்கலாம் என்று பழைய முகமூடி ஒன்றை அவள் முகத்தில் வைத்துக் காட்டினார். வைத்த மாத்திரத்தில் அவள் கை கால் எல்லாம் வெடவெடவென்று ஆடியது.

"அண்ணா, கொஞ்சூண்டு லூசா போடேன். உன்ன யாரு கேக்கப் போறா?"

"அப்படியெல்லாம் செய்யக் கூடாதும்மா."

"மத்தவங்களுக்குச் செய்யாத. நான் மத்தவளா?"

அவருக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பஞ்சுத் துணியை மடித்து அவள் தாடையிலும் இரண்டு கன்னத்திலும் வைத்து, அதன் மேல் தகட்டை இழுத்துப் போர்த்தினார். ஆறிய பிறகு துணியை உருவி எடுத்தார். இரண்டு மில்லிமீட்டர் இடம் கிடைத்தது. படிவத்தில் 'பொருத்தம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகமூடியோடு ஸ்கேன் எடுத்தபோது தங்கை ஆணி அடித்த மாதிரி நேராகப் படுத்திருந்தாள். எல்லாருக்கும் திருப்தி.

முதல் மூன்று நாளும் சிகிச்சை அறை வரைக்கும் கூடவே போனார். கனத்த கதவு. அது மூடும்போது நோயாளியைத் தவிர யாரும் உள்ளே இருக்க முடியாது. "நான் கதவுகிட்டதான் நிக்கறேன். பயப்படாத" என்று சொல்லிவிட்டு வெளியே நின்றார். அந்த மூன்று நாளும் சிகிச்சைக்கு முன்னால் படம் எடுத்துப் பார்த்தார்கள், தலை இம்மி பிசகவில்லை. அப்புறம் வாரம் ஒரு படம் போதும் என்பது அங்கே வழக்கம்.

நாலாவது நாள் அவர் அறை வாசலில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். "பழகிடுச்சுல்ல, நீயே போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அதற்கப்புறமும் தினமும் ஏதோ ஒரு வேலை இருந்தது.

ஒன்பதாவது நாள் அந்த வாரப் படத்தை எடுத்தவர்கள் அன்றைய சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். கதிரின் அளவையும் கோணத்தையும் கணக்குப் போடுகிற இயற்பியலாளர், முப்பது வயதுப் பெண், படத்தோடு கீழே இறங்கி வந்தாள்.

"சார், உங்க தங்கச்சி தலை அஞ்சு மில்லிமீட்டர் இடது பக்கம் திரும்பியிருக்கு. எடை ரெண்டு கிலோ குறைஞ்சிருக்காங்க. அதுல மாஸ்க் லூஸ் ஆயிருச்சுபோல. புதுசு ஒண்ணு போட்டுடலாம்."

"அப்ப இதுவரைக்கும் வச்சது?"

"அது சரியாத்தான் விழுந்திருக்கும். இன்னிக்குத்தானே தப்பு தெரியுது? எட்டு நாளும் சரின்னு எழுதிடறேன்."

முகமூடிக்காரர் படத்தைக் கையில் வாங்கினார். வாயைத் திறக்காமல் இருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். பழி இரண்டு கிலோ எடை மேல் போகும், அவர் வேலை தப்பும். ஆனால் படம் எடுக்காத ஐந்து நாளும் கதிர் எங்கே விழுந்தது என்று யாரும் தேட மாட்டார்கள். கட்டியில் அடிபடாத ஓரம் ஒன்று இருந்தால், அது சுகமாக வளரும். ஒரு நிமிஷம் யோசித்தார். தங்கையின் உயிரையும் தன் வேலையையும் எதிரெதிரே வைத்து ஒரு முழு நிமிஷம் யோசித்த தன்னை, பிற்பாடு அவர் மன்னிக்கவே இல்லை.

"எடை மட்டும் இல்ல மேடம். அது மொதல்லேந்தே லூசு. நான்தான் துணி வச்சுச் செஞ்சேன்."

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். "நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கை மேலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொன்னார். அவள் கோபப்படவில்லை.

"நீ திரும்பினியா வாலு? நெஜத்தச் சொல்லு."

"கொஞ்சந்தான்."

"எப்பலேந்து?"

"மொத மூணு நாள் நீ கதவுகிட்ட நின்ன. நிக்கறன்னு தெரியும், அதனால மேல பாத்துட்டுப் படுத்திருந்தேன். நாலாவது நாள் நீ வரல. கதவு தெறக்குதா தெறக்குதான்னு அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தேன். தலை திரும்புச்சு, சரி, அண்ணன் இதுக்குத்தான் எடம் விட்டிருக்கான்னு நெனச்சேன்."

அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது. அத்தனை நோயாளிகள் நடுவில் உட்கார்ந்து அழுதார், அவள்தான் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து நாளும் கட்டியின் ஒரு ஓரத்தில் கதிர் சரியாக விழவில்லை. விழக் கூடாத இடத்தில், வலது கண்ணுக்குப் போகிற நரம்பில், விழுந்திருக்கிறது. விட்டதைச் சேர்த்து வைக்கலாம், பட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. "முன்ன சொன்ன நம்பிக்கைய இப்ப அப்படியே சொல்ல முடியாதும்மா. கண்ணப் பத்திப் போகப் போகத்தான் தெரியும்" என்றார் பெரிய டாக்டர். விசாரணை முடியும் வரைக்கும் முகமூடிக்காரர் வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் வந்தது.

புது முகமூடி செய்ய வேறொருவரை ஏற்பாடு செய்தார்கள். தங்கை படுக்க மறுத்துவிட்டாள். "எங்க அண்ணன்தான் போடணும்" என்று டீச்சர் குரலில் சொன்னாள். கடைசியில் பெரிய டாக்டர் இந்த ஒரு தடவைக்குச் சம்மதிக்க, இயற்பியலாளர் பக்கத்தில் நின்று பார்க்க, அவரே போட்டார். இந்தத் தடவை துணி இல்லை. தகடு இறுக இறுக அவள் விரல்கள் அவர் சட்டையைப் பிடித்துக் கசக்கின. "இன்னும் அழுத்தட்டுமா?" என்று கேட்கவில்லை. அழுத்தினார். எடுத்தபோது அவள் முகமெல்லாம் வலைத் தடம் பதிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சிகிச்சை மறுபடி ஆரம்பித்தது. அன்று அவர் வெறும் அண்ணனாகத்தான் வந்தார், கழுத்தில் அடையாள அட்டை இல்லை. முகமூடியைப் பூட்டுவதற்கு முன்னால் தங்கை சொன்னாள்:

"வெளில மைக் இருக்காம்ல. நீ எண்ணு. எனக்குக் கேக்கணும்."

வெளியே திரைக்கு முன்னால் இருந்த தன் நாற்காலியை இயற்பியலாளர் காலி செய்து கொடுத்தாள். கதவு மூடியது. திரையில் தங்கை சின்னதாகத் தெரிந்தாள், பலகையோடு பலகையாக. அவர் மைக்கை அழுத்தி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். இயந்திரம் அவளைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. தலை அசையவில்லை. அசைய இடமும் இல்லை. தொண்ணூறு தாண்டியது.

நூறு என்றார். அதற்கு மேல் வாய் எழவில்லை. திரையில் அவள் கைவிரல்கள் மெதுவாகப் பலகையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டன.

"நூத்தி ஒண்ணு" என்றார்.