அடி தெரியாத கிண்ணம்

ஜப்பானின் யமகாதா நகரில் ராமென் என்னும் நூடுல்ஸ் சூப் கடை நடத்துவோர் உணவு விமர்சகர் நிராசவாவின் கட்டுரையைப் படிப்பதில்லை. அதன் அடியில் இருக்கும் படத்தைத்தான் பார்ப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு மாத இதழில் அவர் எழுதிவரும் பக்கத்தில், அவர் உண்டு முடித்த கிண்ணத்தின் படம் தவறாமல் இடம்பெறும். கிண்ணத்தின் அடி தெரிந்தால் கடை தேறிவிட்டது என்று பொருள். சூப் மிஞ்சியிருந்தால் அவ்வளவுதான். எழுத்திலோ அவர் எவரையும் நோகடித்ததில்லை. பாங்காக்கில் வெந்நீர் போன்ற சூப்பைக் குடித்தபோதும், சாவோ பாவுலோவில் நூடுல்ஸ் களியாகக் குழைந்து வந்தபோதும், உரிமையாளரின் உழைப்பு வணங்கத்தக்கது என்றே எழுதினார். ஆகவே வாசகர்கள் அவருடைய சொல்லை விட்டுவிட்டுக் கிண்ணத்தை நம்பினார்கள்.

சென்ற மார்ச்சில் டாக்டர் அவருடைய சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு, இனி சூப்பில் மூன்று கரண்டிக்கு மேல் கூடாது என்றார். மனைவி தொமோயே டாக்டரைவிடக் கண்டிப்பானவர். "எழுதுறதுக்கு நாக்கு போதுங்க. கிண்ணத்த வழிச்சு நக்கணும்னு சம்பளத்துல சேத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரம் நிராசவா போன கடை வாகுய் சனாயே என்ற பெண்மணியுடையது. மருத்துவமனைச் சமையலறை வேலையை விட்டுவிட்டு, எட்டு மாதங்களுக்கு முன்பு ஒற்றை ஆளாக அவர் தொடங்கிய கடை. நெத்திலிக் கருவாட்டுச் சூப்பின் முதல் கரண்டியிலேயே நிராசவாவின் கை நின்றுவிட்டது. கருவாட்டின் கசப்பு நாக்கின் ஓரத்தில் சற்றே தயங்கி, பிறகு இனிப்பாக உள்ளே இறங்கியது. பத்தாண்டுகளில் இப்படியொரு சூப்பை அவர் குடித்ததில்லை. மூன்றாவது கரண்டிக்குப் பின் மிகுந்த வருத்தத்துடன் கரண்டியைக் கீழே வைத்தார். உண்ணும் இடத்தில் உரிமையாளரிடம் பேசுவதில்லை என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட விதி. பேசாமல் எழுந்து வந்தார். சூப் ததும்பிய கிண்ணத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் படம் எடுத்தார். மாலைக்குள் அது ஊரெங்கும் பரவியது.

மறுநாளே கடை வாசலில் வரிசை இல்லை. நிராசவா தம் பக்கம் முழுவதிலும் அந்தச் சூப்பைப் புகழ்ந்து எழுதினார். இவ்வளவு புகழ்கிறார் என்றால் சூப் அவ்வளவு மோசம் போலும் என்று வாசகர்கள் முடிவுகட்டினார்கள். வேறு வழியின்றித் தம் நோயைப் பற்றியும் இணையத்தில் எழுதினார். அதற்கு ஒருவர், "பாவம், கடைக்காரம்மாவக் காப்பாத்த கிட்னியவே கெடுத்துக்கிட்டாரு மனுஷன்" என்று பதில் போட, ஆயிரம் பேர் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, நண்பகலில், தம் விதியை மீறி அவர் சனாயேயிடமே போய் நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை. நடந்ததை எல்லாம் தலைதாழ்த்திச் சொன்னார். அவருக்காக நூடுல்ஸை வடித்தபடியே சனாயே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நீங்க யார் மனசும் நோகாமப் பேசுறவங்க. ஊருக்கே தெரியும்."

"இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். டாக்டர் சீட்டு வீட்டுல இருக்கு."

"இருக்கட்டுங்கய்யா. கசப்பு தூக்கல்னு எனக்கே அப்புறம் புரிஞ்சுது. கருவாட்டப் பாதியாக் குறைச்சு, கோழி சேத்திருக்கேன். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பழையபடியே வையுங்கள் என்று அவர் எவ்வளவோ மன்றாடினார். உபசாரத்துக்குச் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டு, சனாயே கிண்ணத்தை அவர்முன் வைத்தார்.

குறைசொல்ல முடியாத சூப்தான். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடியது. மூன்று கரண்டி முடிந்தது. அப்போது இருவர் உள்ளே வந்தார்கள். அவரை அடையாளம் கண்டு, வாசலில் இருந்த சாப்பாட்டு டோக்கன் இயந்திரத்தில் காசு போடாமல் நின்றார்கள். சனாயேயும் கைத்துண்டைப் பிடித்தபடி கிண்ணத்தையே பார்த்திருந்தார். மிச்சம் வைத்தால் இந்தக் கடை இருக்காது. குடித்துவிட்டால் அந்தக் கருவாட்டுச் சூப் இனி இருக்காது.

நிராசவா தொமோயேயை நினைத்துக்கொண்டார். பிறகு இரு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கி, அடி தெரியும்வரை குடித்தார்.

இயந்திரத்தில் காசு விழும் ஓசை கேட்டது. சனாயே ஆழக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது கண்கள் ஈரமாயிருந்தன. "அப்போ கருவாடுதான் தப்பு. நல்லவேளை, மாத்திட்டேன்."

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தவர்களில் ஒருவர் அதற்குள் வெற்றுக் கிண்ணத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க உழைப்பு வணங்கத்தக்கதும்மா" என்றார் நிராசவா.