மஞ்சள் ஸ்ப்ரிங்

கொடியில் காய்ந்த சாக்ஸ்தான் வைஜெயந்தியைக் காட்டிக்கொடுத்தது. அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த ஊதா சாக்ஸ். கூனிமேட்டுக் கடற்கரைக் குப்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தவிர யாரும் சாக்ஸ் போடுவதில்லை. நாத்தனார் சாமுண்டீஸ்வரி அதைக் கிளிப்போடு தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது யாருது?"

கடற்கரையில் மீன் ஏலம் விடும் குரல் அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழம்புக்கு எவ்வளவு புளி என்பதுவரை அந்தக் குரல்தான் முடிவு செய்தது. அதன் முன்னால் வைஜெயந்திக்குப் பொய் வராது. சொல்லிவிட்டாள். குயிலாப்பாளையத்தில் அவள் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸ் மாடியில் பூஜா என்ற பெண் பிலாட்டீஸ் வகுப்பு நடத்துகிறாள். நாளெல்லாம் ரிசப்ஷனில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால் இவளும் சேர்ந்துவிட்டாள். ரீஃபார்மர் என்று ஒரு கட்டில். அதில் ஸ்ப்ரிங் மாட்டிய பலகை முன்னும் பின்னும் ஓடும். அதைத் தள்ளி இழுப்பதுதான் பயிற்சி.

"கட்டில்ல படுத்துக்கிட்டு எக்சர்சைஸா? உன் லீவு நாள்ல நானும் வர்றேன். பாத்துடலாம்."

வந்தாள். சேலையை விட்டுவிட்டு மகளின் சுடிதாரில் வந்தாள். பூஜா பணிவாக, "முதல் நாள் படுத்துக்கிட்டே பண்ணலாம்ங்க," என்றாள்.

"பெட்டி பெட்டியா மீன் தூக்குன உடம்பும்மா இது. நின்னுக்கிட்டே பண்றேன்."

பூஜா சிரித்தாள். "இருங்க, கடைசிப் பயிற்சி சூடான ரூம்லதான். பக்கத்து ரூம்ல ஹீட்டர் போட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

அவள் தலை மறைந்ததும் சாமுண்டீஸ்வரி கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "கலர் கலரா இருக்கே, எந்த ஸ்ப்ரிங்குடி மாட்டணும்?"

"மஞ்சள் மட்டும் போதும் அண்ணி. அதுதான் லேசு."

பொய்யில்லை. மஞ்சள்தான் லேசு. லேசான ஸ்ப்ரிங் பலகையைப் பிடித்து வைக்காது என்பதை மட்டும் வைஜெயந்தி சொல்லவில்லை.

சாமுண்டீஸ்வரி ஒரு காலைக் கட்டில் முனையில் இருந்த அசையாத மேடையிலும் இன்னொரு காலைப் பலகையிலும் வைத்தாள். பலகை மெல்ல நழுவியது. காலும் கூடவே போனது. குனிந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் இன்னும் அகன்றன.

"வைஜெயந்தி."

அந்தக் குரல் இவ்வளவு சன்னமாகி இவள் கேட்டதே இல்லை.

"சொல்லுங்க அண்ணி."

"இத நிறுத்து."

"மூச்சு விடுங்க அண்ணி. தொப்புளை உள்ள இழுங்க."

இத்தனை வருஷத்தில் இவள் போட்ட முதல் உத்தரவு. அதை நாக்கில் வைத்து இன்னும் கொஞ்சம் ருசித்துவிட்டுத்தான் பலகையைத் தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தாள். சாமுண்டீஸ்வரி இறங்கித் துப்பட்டாவைச் சரிசெய்தாள். பூஜா திரும்பி வந்ததும் அவளிடம் சொன்னாள்.

"இவ ரொம்ப நல்லா பண்றா. இருக்கற ஸ்ப்ரிங்கு எல்லாத்தையும் இவளுக்கு மாட்டும்மா."

பூஜாவுக்கு ஒரே சந்தோஷம். எல்லாவற்றையும் மாட்டவில்லை; ஆனாலும் மாட்டிய வரைக்கும் வைஜெயந்தியின் தொடை இரண்டும் கூழாயின. அதோடு சூடேற்றிய அறைக்குப் போனார்கள். விரிப்பில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கூரையிலிருந்து அனல் இறங்கியது. சித்திரை வெயிலில் மணலில் நின்று ஏலம் விடுகிறவளுக்கு அது ஒரு சூடே இல்லை. தூக்கிய காலைப் பூஜா சொல்லும்வரை இறக்கவில்லை. பக்கத்தில் வைஜெயந்தி துவண்டு கிடந்தாள்.

"மூச்சு விடு," என்று காதருகே வந்தது. "தொப்புளை உள்ள இழு."

வைஜெயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலித்தது. அதைப் பார்த்து நாத்தனாரும் சிரித்தாள்.

திரும்பும் பேருந்தில் உட்கார்ந்ததோடு சரி. கூனிமேடு வந்தது, எழுந்திருக்கப் பார்த்தார்கள், முழங்கால் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் பிடித்து எழுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் ஓடத் தொடங்கியபோது போன் அடித்தது. வைஜெயந்தியின் புருஷன் பக்தவச்சலம். சாமுண்டீஸ்வரி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பிரம்மதேசம் கோயிலுக்கு வந்திருக்கோம்டா. சரியான கூட்டம். நீயே சோறாக்கிச் சாப்புடு."

மரக்காணத்தில் கண்டக்டர் கை கொடுத்து இருவரையும் இறக்கிவிட்டார். எதிரே டீக்கடை. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்ற பயத்தில், இருவரும் தோளோடு தோள் சாய்ந்து நின்றுகொண்டே டீ குடித்தார்கள்.